கடற்பறவைப் பேன்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தண்ணீரிலேயே கிடக்கிற பறவைக்குப் பேன் எங்கிருந்து வருகிறது?

அம்மா அப்பாவிடமிருந்துதான். குஞ்சு முட்டையை உடைத்துக்கொண்டு வந்து தாயின் வயிற்றுக்கடியில் ஒடுங்கும்போதே பேன் ஏறிவிடும், அப்புறம் வளர்ந்து ஜோடி சேரும்போது துணையிடமிருந்து இன்னும் கொஞ்சம் வந்து சேரும். பேனுக்குச் சிறகு கிடையாது, தெள்ளுப்பூச்சி மாதிரித் தத்தவும் தெரியாது, பெரும்பாலும் உடம்போடு உடம்பு உரசினால்தான் இடம் மாற முடியும். அல்பட்ராஸ் என்கிற பெரிய கடற்பறவையின் குஞ்சு வளர்ந்து கூட்டை விட்டுப் போனால் திரும்பி நிலத்தில் கால் வைக்கப் பல வருடங்கள் ஆகும். அத்தனை காலமும் அதன் பேன்கள் அதே உடம்பில் ஈராகி, பேனாகி, செத்து, அடுத்த தலைமுறைக்கு இடம் விட்டுக்கொண்டே இருக்கும். தென்கடலைச் சுற்றி வந்தும் கடலில் கால் நனைக்காத பூச்சி அது.

நம் தலையில் வரும் பேனும் இதுவும் ஒன்றா?

தூரத்துச் சொந்தம். நம் தலைப்பேன் ஊசி மாதிரி வாயால் இரத்தம் உறிஞ்சுகிற கூட்டத்தைச் சேர்ந்தது. அந்தக் கூட்டம் பாலூட்டிகளின் மேல் மட்டும்தான் உண்டு, உலகத்தில் ஒரு பறவையின் மேலும் கிடையாது. பறவைப் பேனுக்குத் தாடை இருக்கிறது. அது கடித்து மெல்லும். இறகின் அடியிலுள்ள மென்மையான தூவியும் உதிரும் தோல் செதிலும்தான் பெரும்பாலும் சாப்பாடு. சில வகைகள் தோலையும், முளைத்து வரும் இறகின் குருத்தையும் கடித்து, கசியும் இரத்தத்தையும் குடித்துக்கொள்ளும். ஆகவே "பறவைப்பேன் இறகு மட்டும் தின்கிற சாது" என்று எங்கேயாவது எழுதியிருந்தால் பாதிதான் நம்பலாம்.

வீட்டில் கோழி வளர்த்தவர்களுக்கு, கோழியைப் பிடித்த கையில் ஏறி ஊரும் மஞ்சள் பூச்சி ஞாபகம் இருக்கும். கடற்பறவைப் பேன்களில் ஒரு பகுதிக்கு அந்தக் கோழிப்பேன் ஒரே குடும்பத்துப் பங்காளி.

பேன், உண்ணி, சிற்றுண்ணி: எப்படிப் பிரித்துச் சொல்வது?

காலை எண்ணுங்கள். பேன் பூச்சி வகை, ஆறு கால். உண்ணியும் சிற்றுண்ணியும் சிலந்தி வகையறா, எட்டு கால். ஒரே ஒரு சிக்கல், முட்டையிலிருந்து வந்த புதிதில் உண்ணிக் குஞ்சுக்கும் ஆறு கால்தான், அதனால் தலை உடம்பிலிருந்து தனியாகத் தெரிகிறதா என்றும் பாருங்கள், பேனில் தலை தனியாகத் தெரியும்.

1832 பிப்ரவரியில் பீகிள் கப்பல் அட்லாண்டிக் நடுவிலுள்ள செயின்ட் பால் பாறைகளுக்குப் போனபோது டார்வின் அங்கே இருந்த உயிர்களைப் பட்டியல் போட்டார். பறவை இரண்டே வகை, பூபி என்கிற பெரிய கடற்பறவையும் நாடி என்கிற ஆலாவும். சிற்றுயிர்களில், பூபியின் மேல் வாழும் ஒரு ஈ, பறவையோடு ஒட்டி வந்திருக்க வேண்டிய ஒரு உண்ணி, இறகு தின்னும் ஒரு அந்துப்பூச்சி, இப்படிப் போகிறது பட்டியல். பேன் அதில் இல்லை. ஒரு பூபியைப் பிடித்து இறகைப் பிரித்துப் பார்த்திருந்தால் கிடைத்திருக்கும் என்பது என் எண்ணம். பேன் பறவையை விட்டு இறங்காது, பாறையில் தேடினால் அகப்படாது.

அதன் வாழ்க்கை எப்படிப் போகும்?

பெண் பேன் ஈரை இறகில் பசை வைத்து ஒட்டும். வகையைப் பொறுத்துச் சில நாளிலிருந்து பத்து நாளுக்குள் பொரியும். குட்டிப் பேன் பெரிய பேனின் சின்ன அச்சுதான், புழு, கூட்டுப்புழு என்றெல்லாம் பருவம் இல்லை. மூன்று முறை தோலுரித்தால் வளர்ந்த பேன். பறவை செத்து உடம்பு ஆறிவிட்டால் பெரும்பாலான பேன்கள் சில நாளில் செத்துப்போகும், அதற்குள் பக்கத்தில் வேறு சூடான உடம்பு இருந்தால் ஏறப் பார்க்கும். இந்தக் கடைசி விஷயத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

சரி, வகைப்பாட்டுக்கு வருவோம். பேன்கள் எந்த வரிசையில் சேரும்?

எந்த வருடத்துப் புத்தகத்தைத் திறக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது.

பழைய விலங்கியல் பாடப்புத்தகங்களில் இரண்டு வரிசைகள் இருக்கும். உறிஞ்சும் பேன் அனோப்ளூரா, மெல்லும் பேன் மல்லோஃபேகா. மல்லோஃபேகா என்ற பெயரை ஜெர்மனியின் கிறிஸ்டியன் லுட்விக் நிட்ஸ்ஷ் 1818இல் வைத்தார், கிரேக்கத்தில் 'கம்பளி தின்னி' என்று பொருள். அதற்கு முன்பு லின்னேயஸ் 1758இல் எல்லாப் பேனையும், மனிதப் பேன் பறவைப் பேன் என்ற வித்தியாசம் பார்க்காமல், பெடிக்குலஸ் என்ற ஒரே பேரினத்தில் அடைத்து வைத்திருந்தார்.

அப்புறம் இரண்டையும் சேர்த்து ஃப்தைராப்டெரா என்று ஒரே வரிசையாக்கி, உள்ளே நாலு துணைவரிசை வைத்தார்கள்: ஆம்ப்ளிசெரா, இஸ்க்னோசெரா, அனோப்ளூரா, அப்புறம் யானை மேலும் ஆப்பிரிக்கக் காட்டுப்பன்றிகள் மேலும் மட்டும் வாழும் ரிங்கோஃப்திரினா. இதில் மல்லோஃபேகா என்ற பெயர் உதிர்ந்துபோனது. காரணம் எளிது. மெல்லும் பேன்களில் இஸ்க்னோசெரா கூட்டம் தன்னைப் போலவே மெல்லுகிற ஆம்ப்ளிசெராவைவிட, உறிஞ்சும் பேனுக்கு நெருக்கம். வாய் ஒரே மாதிரி இருக்கிறது என்பதற்காக அண்ணன் தம்பியைப் பிரித்து, சித்தப்பா மகனை உள்ளே சேர்த்த கதை. "மெல்லும் பேன்" என்று பேச்சுக்குச் சொல்லலாம், வகைப்பாட்டுப் பெயராக இப்போது செல்லாது.

இதோடு முடியவில்லை. பழைய காகிதக் கட்டைப் பிரித்தால் வெளிறிய பொடிப்பூச்சி ஒன்று ஓடும் இல்லையா, புத்தகப்பேன் என்போமே, அது ஒட்டுண்ணியே இல்லை, பூஞ்சையும் தூசியும் தின்று பிழைப்பது. உண்மையான பேன்கள் அந்தக் குடும்பத்துக்கு நடுவிலிருந்து கிளைத்தவை என்று 1985இல் கிறிஸ்டோபர் லயல் உடலமைப்பை வைத்து வாதிட்டார், பின்னால் வந்த மரபணு ஆய்வுகளும் அதையே சொல்லின. எனவே இப்போது புத்தகப்பேன், மரப்பட்டைப்பேன், உண்மையான பேன் எல்லாம் சோகோடியா என்ற ஒரே வரிசை, ஃப்தைராப்டெரா அதற்குள் ஒரு கிளை. நடுவில் 2004இல் ஒரு மரபணுவை மட்டும் பார்த்த ஆய்வு, ஒட்டுண்ணி வாழ்க்கை பேன்களில் இரண்டு தடவை தனித்தனியாகத் தோன்றியிருக்கலாம் என்று ஒரு குண்டைத் தூக்கிப் போட்டது. கொஞ்ச நாள் பரபரப்பாக இருந்தது. பிறகு ஏராளமான மரபணுக்களைச் சேர்த்துப் பார்த்தவர்கள் ஒரே தடவைதான் என்ற முடிவுக்குத் திரும்பினார்கள்.

கடற்பறவைப் பேன் இந்த மரத்தில் எங்கே?

நல்ல செய்தி, இரண்டே பெட்டிதான். ஆம்ப்ளிசெராவில் மெனோபோனிடே குடும்பம், இஸ்க்னோசெராவில் ஃபிலோப்டெரிடே குடும்பம். கடற்பறவைகளில் காணும் பேன்களை இந்த இரண்டுக்குள் வைத்துவிடலாம். ஃபிலோப்டெரிடே மட்டும் ஒரு பழைய பரண் மாதிரி, வேறெங்கும் வைக்க இடமில்லாததையெல்லாம் அதில்தான் போட்டிருக்கிறார்கள், என்றைக்காவது அதைக் காலி செய்து பிரிக்க வேண்டியிருக்கும்.

நுண்ணோக்கியில் இரண்டையும் பிரிக்க உணர்கொம்பைப் பாருங்கள். ஆம்ப்ளிசெராவில் அது குட்டையாக, தலையின் பக்கவாட்டுப் பள்ளத்துக்குள் ஒளிந்திருக்கும். இஸ்க்னோசெராவில் மெலிந்து வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். பெயர்களே அதைத்தான் சொல்கின்றன, ஒன்று 'மழுங்கிய கொம்பு', மற்றது 'மெலிந்த கொம்பு'. உயிரோடு பார்த்தால் இன்னும் சுலபம். தோலின் மேல் விறுவிறுவென்று ஓடுகிறதென்றால் பெரும்பாலும் ஆம்ப்ளிசெரா. இறகைத் தாடையால் கவ்விக்கொண்டு அசையாமல் கிடக்கிறதென்றால் இஸ்க்னோசெரா.

எந்தப் பறவையில் என்ன பேரினம் இருக்கும்?

ஆலா, கடற்காகம் வகையில் சேமுண்ட்சோனியா, குவாட்ராசெப்ஸ், ஆஸ்ட்ரோமெனோபான். முதலாவது 1936இல் டிம்மர்மான் வைத்த பெயர், ஐஸ்லாந்தின் இயற்கை ஆய்வாளர் பியார்னி சேமுண்ட்சனை நினைத்து.

பூபி, நீர்க்காகம், ஃப்ரிகேட் பறவை இவற்றில் பெக்டினோபைகஸ் என்று ஒரு நீளப் பேன். கூழைக்கடாவிலும் நீர்க்காகத்திலும் பியாஜெட்டியெல்லா என்று ஒன்று உண்டு, அதன் இருப்பிடத்தைக் கேட்டால் முகம் சுளிப்பீர்கள்: தொண்டைப் பைக்குள்ளே. பையின் உட்சுவரைக் கடித்துக்கொண்டு கும்பலாகத் தொங்கும், புண்ணும் உண்டாக்கும். ஈர் வைக்க மட்டும் வெளியே வந்து இறகுக்குப் போகும், ஏனென்றால் தினமும் மீன் வழுக்கிக்கொண்டு போகிற இடத்தில் ஈர் ஒட்டி வைக்க வழியில்லை.

பென்குயினில் ஆஸ்ட்ரோகோனியோடஸ், நெசியோடினஸ் என்ற இரண்டு பேரினங்கள் மட்டும், இரண்டும் இஸ்க்னோசெரா. ஆம்ப்ளிசெரா ஒன்றுகூட இல்லை.

பெரிய சந்தை மூக்குக்குழாய்ப் பறவைகளிடம்தான் இருக்கிறது. அதாவது அல்பட்ராஸ், பெட்ரல், ஷியர்வாட்டர், புயல் பெட்ரல். வேறு எந்தப் பறவை வரிசையிலும் இத்தனை பேன் பேரினங்கள் குவிந்திருப்பது அபூர்வம். ஹாலிபியூரஸ், நௌபேட்டஸ், டிராபெகுலஸ், பாராக்ளிசிஸ், பெரினியஸ், ஃபிலோசியானஸ், டோகோஃபோராய்டஸ், ஹாரிசோனியெல்லா, எபிஸ்பேட்டஸ், ஆன்சிஸ்ட்ரோனா என்று நீளும். நம் வங்கக் கடலிலும் இந்தியப் பெருங்கடலிலும் தண்ணீர் மேல் நடப்பது மாதிரித் தத்திப் பறக்கும் வில்சன் புயல் பெட்ரலைப் பார்த்திருந்தால், கையளவேயான அந்தப் பறவைக்கும் ஃபிலோசியானஸ் என்று சொந்தப் பேன் உண்டு.

ஒரு பறவையிலேயே நாலைந்து வகையா? சண்டை வராதா?

இடம் பிரித்துக்கொண்டு வாழ்கின்றன. பறவைக்குப் பேன் எடுக்க இருக்கிற ஒரே நல்ல கருவி அலகு. அந்த அலகிடமிருந்து எப்படித் தப்புவது என்பதுதான் பேனின் உருவத்தைச் செதுக்கியிருக்கிறது.

சிறகில் வாழ்பவை ஒல்லியாக நீளமாக இருக்கும், இறகின் இழைகளுக்கு நடுவில் படுத்துக்கொண்டால் அலகு மேலே போய்விடும். ஹாரிசோனியெல்லா அப்படி, அல்பட்ராஸின் சிறகுக்காரன். தலையில் வாழ்பவைக்கு அந்தக் கவலை இல்லை, யாரும் தன் அலகால் தன் தலையைக் கோத முடியாது, காலால் சொறிவதுதான் மிச்சம். அதனால் சேமுண்ட்சோனியாவும் டோகோஃபோராய்டஸும் குண்டு உடம்பு, பெரிய முக்கோணத் தலை, மெத்தனமான நடை. ஃப்ரிகேட் பறவை இதற்கென்றே நடுவிரல் நகத்தில் சீப்புப் பல் வைத்திருக்கிறது என்று ஒரு கருத்து உண்டு. பேன் சீப்பு என்றுதான் எனக்கும் தோன்றுகிறது.

சுவாரஸ்யம் என்னவென்றால், இந்த 'சிறகு உருவம்', 'தலை உருவம்' எல்லாம் வெவ்வேறு பறவைக் கூட்டங்களில் தனித்தனியாகப் பலமுறை தோன்றியிருக்கின்றன. ஆகவே ஒரே மாதிரி ஒல்லியாக இருக்கிற இரண்டு பேன்கள் சொந்தம் என்று முடிவுகட்டினால் ஏமாந்துபோவோம். பழைய வகைப்பாட்டில் இப்படி ஏமாந்த இடங்கள் கணக்கில்லை. நீளமாக இருந்த எல்லாவற்றையும் லிபியூரஸ், உருண்டையாக இருந்த எல்லாவற்றையும் டோகோஃபோரஸ் என்று ஒரு காலத்தில் கட்டி வைத்திருந்தார்கள்.

நிறத்திலும் இதே கதை. வெள்ளைப் பறவையில் வெளிறிய பேன், கறுத்த பறவையில் கறுத்த பேன் என்று பொதுவாகப் பொருந்திப்போகிறது, 2010இல் வந்த ஓர் ஆய்வு இதைப் பல பேன் ஜோடிகளில் ஒப்பிட்டுக் காட்டியது. தலையில் வாழும் பேன்களில் மட்டும் அந்தப் பொருத்தம் இல்லை. பறவையின் கண்ணுக்கு எட்டாத இடத்தில் இருப்பவனுக்கு வேஷம் எதற்கு?

பெரிய பறவைக்குப் பெரிய பேனா?

பெரும்பாலும் ஆமாம். லான்ஸ்லாட் ஹாரிசன் என்ற ஆஸ்திரேலிய விலங்கியலாளர் 1915இல் கவனித்துச் சொன்னது, இன்றும் ஹாரிசன் விதி என்றுதான் பெயர். அல்பட்ராஸின் ஹாரிசோனியெல்லா வெறுங்கண்ணுக்கே நன்றாகத் தெரியும் பெரிய பேன், அவர் பெயரைத்தான் தாங்கியிருக்கிறது. பேன் உலகத்தில் அது ஒரு மரியாதை, சிரிக்க வேண்டாம்.

பேனை வைத்துப் பறவையின் சொந்தபந்தத்தைக் கண்டுபிடிக்கலாம் என்கிறார்களே, உண்மையா?

இந்தக் கேள்விக்காகத்தான் பாதிப் பேர் கடற்பறவைப் பேனைப் படிக்கவே வருகிறார்கள்.

யோசனை பழையது. ஸ்டான்ஃபோர்டில் இருந்த வெர்னான் கெல்லாக் 1896இல் கலிஃபோர்னியாவின் மான்டெரே விரிகுடாக் கடற்பறவைகளின் பேன்களை விவரித்து எழுதினார். கடலின் இரண்டு கரையிலும் வாழும் நெருங்கிய சொந்தப் பறவைகளில் ஒரே பேனோ ஒன்றுவிட்ட பேனோ இருப்பதைப் பார்த்து, இது முன்னோர் காலத்திலிருந்தே கூட வருகிற சொத்து என்ற முடிவுக்கு அவர் வந்தார். பேன் பெற்றோரிடமிருந்து பிள்ளைக்குப் போகிறது, பறவை இனம் இரண்டாகப் பிரிந்தால் பேனும் இரண்டாகப் பிரிய வேண்டும், ஆகவே பேனின் குடும்ப மரமும் பறவையின் குடும்ப மரமும் ஒன்றன்மேல் ஒன்று பொருந்த வேண்டும். ஹாரிசனும் ஜெர்மனியின் ஃபாரன்ஹோல்ட்ஸும் இதையே விதி மாதிரி எழுதினார்கள்.

கொஞ்சம் பொருந்துகிறது. பெக்டினோபைகஸை எடுத்து 2007இல் மரபணு பார்த்தபோது பூபி, நீர்க்காகம், ஃப்ரிகேட் மரத்தோடு கணிசமாக ஒத்துப்போனது. நியூசிலாந்தில் ஏட்ரியன் பேட்டர்சனும் கூட்டாளிகளும் 1993இலும் 2000இலும் பெட்ரல், பென்குயின் பேன்களை வைத்துச் செய்த ஆய்வுகளிலும் கூடவே பிரிந்து வந்த தடம் தெளிவாகத் தெரிந்தது.

ஆனால் அதே பறவைகளில் எதிர்க்கதையும் இருக்கிறது. சேமுண்ட்சோனியாவும் ஆஸ்ட்ரோமெனோபானும் கடற்காகக் கூட்டத்திலும் இருக்கின்றன, பெட்ரல் கூட்டத்திலும் இருக்கின்றன. அந்த இரண்டு பறவை வரிசைகளும் நெருங்கின சொந்தம் இல்லை, எப்போதோ ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் தாவியிருக்க வேண்டும். ஒரே தீவில் தோளோடு தோள் உரசி லட்சக்கணக்கில் கூடு கட்டுகிறவர்கள், ஒருவர் வளையில் இன்னொருவர் குடியேறுகிறவர்கள், தாவாமல் இருந்தால்தான் ஆச்சரியம். ஆன்சிஸ்ட்ரோனாவைப் பாருங்கள், ஆன்சிஸ்ட்ரோனா வாஜெல்லி என்ற ஒரே இனம் எத்தனையோ பெட்ரல், ஷியர்வாட்டர் இனங்களில் பரவிக் கிடக்கிறது. மறுபக்கம் பெட்ஃபோர்டியெல்லா யூனிகா, கெர்குலன் பெட்ரல் ஒன்றை விட்டு நகராது. இருவரும் ஒரே பறவைக் கூட்டத்தின் பேன்கள்தான்.

இன்னொரு வம்பு, இல்லாமையைப் படிப்பது. ஒரு பறவையில் ஒரு பேன் இல்லையென்றால் அது தாவவே இல்லை என்று அர்த்தமா? பத்துப் பறவை மட்டும் புதுத் தீவுக்குப் போய் அவற்றில் எதன் மேலும் அந்தப் பேன் இல்லாமல் போயிருக்கலாம். போய்ச் சேர்ந்த பிறகு சின்னக் கூட்டத்தில் அற்றுப்போயிருக்கலாம். அல்லது இருந்தும் நாம் போதிய பறவைகளைப் பார்க்காமல் இருந்திருக்கலாம். பேட்டர்சனும் ரிக்கார்டோ பால்மாவும் 1999இல் இதைத் தனியாகவே ஆராய்ந்தார்கள்.

ஏமாந்ததற்கு நல்ல உதாரணம் கடற்பறவை இல்லை, நம் கோடியக்கரைக்கு வரும் பூநாரைதான். அதன் பேன்கள் வாத்தின் பேன்களோடு ஒரே பேரினங்களில் வருகின்றன, எனவே பூநாரை வாத்துக்குச் சொந்தம் என்று பல காலம் பேன்காரர்கள் அடித்துச் சொன்னார்கள். மரபணு வந்து பூநாரைக்கு நெருங்கிய சொந்தம் முக்குளிப்பான் என்றது. 2006இல் பேன்களின் மரபணுவையும் பார்த்ததில், பூநாரையிலிருந்து பேன் தாவி வாத்துக்குப் போனது என்பதுதான் தெரிந்தது.

என் கருத்தைக் கேட்டால், பேன் நல்ல சாட்சி, ஆனால் யாரோடு தங்கினான் என்று சொல்லும் சாட்சி. பிறப்பையும் சகவாசத்தையும் அதன் வாக்குமூலத்தில் பிரித்துப் பார்க்க, பறவையின் மரபணு மரம் தனியாகக் கையில் இருக்க வேண்டும்.

புதைபடிவம் ஏதாவது கிடைத்திருக்கிறதா?

மிக அரிது. ஜெர்மனியின் எக்ஃபெல்ட் ஏரிப் படிவில் கிடைத்து 2004இல் விவரிக்கப்பட்ட மெகாமெனோபான் ராஸ்நிட்சினி, சுமார் 4.4 கோடி வருடப் பழமை, ஆம்ப்ளிசெரா. அதன் வயிற்றுக்குள் அது கடைசியாகத் தின்ற இறகுத் துணுக்குகூட அப்படியே இருந்தது. உருவத்தை வைத்து ஏதோ நீர்ப்பறவையின் பேன் என்று கணிக்கிறார்கள்.

பெயருக்குப் பின்னால் ஆள் பெயரும் வருடமும் சில சமயம் அடைப்புக்குறிக்குள் இருக்கிறதே?

அடைப்புக்குறி இருந்தால், முதலில் பெயர் வைத்தவர் வேறு பேரினத்தில் வைத்தார், பின்னால் மாற்றினார்கள் என்று அர்த்தம். சாதாரண ஆலாவின் தலைப்பேன் சேமுண்ட்சோனியா ஸ்டெர்னே (லின்னேயஸ், 1758). அவர் வைத்தது பெடிக்குலஸ் ஸ்டெர்னே. குறி இல்லாவிட்டால் அதே பேரினம்.

புதிதாக வருகிறவர்கள் விழும் ஒரு குழி: கடற்காகத்தின் சேமுண்ட்சோனியா லாரி (ஃபாப்ரிசியஸ், 1780), பெட்ரலின் ஆன்சிஸ்ட்ரோனா வாஜெல்லி (ஃபாப்ரிசியஸ், 1787). ஒரே ஆள் இல்லை. முதலாமவர் கிரீன்லாந்து உயிரினங்களைப் பற்றி எழுதிய ஓட்டோ ஃபாப்ரிசியஸ், இரண்டாமவர் பூச்சியியலின் பெரிய தலை யோஹான் கிறிஸ்டியன் ஃபாப்ரிசியஸ். முதலெழுத்தையும் சேர்த்து எழுதுங்கள், பட்டியல் தயாரிப்பவர்கள் வாழ்த்துவார்கள்.

இத்தனை மாற்றுப் பெயர்கள் ஏன்?

மேலே ஞாபகம் வைக்கச் சொன்ன விஷயம் இங்கே வருகிறது. ஒரு காலத்தில் ஆய்வுக்கு ஏழெட்டுப் பறவைகளைச் சுட்டு ஒரே சாக்கில் போட்டார்கள். செத்த பறவையின் பேன் பக்கத்துப் பறவைக்கு ஏறியது, அதைப் பிடித்தவர் அந்தப் பறவையின் பேன் என்று சீட்டு எழுதினார், வேறொரு நாட்டில் இன்னொருவர் சரியான பறவையிலிருந்து அதே பேனை எடுத்து இன்னொரு பெயர் வைத்தார். போதாததற்கு, வேறு பறவையில் கிடைத்தால் வேறு இனமாகத்தான் இருக்கும் என்று நம்பிக் கண்ணை மூடிக்கொண்டு பெயர் வைத்தவர்களும் உண்டு.

இந்தக் குப்பையைக் கூட்டியவர்களில் லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் தெரசா கிளேவுக்குப் பெரிய பங்கு. ஹாப்கின்ஸும் அவரும் சேர்ந்து 1952இல் வெளியிட்ட பட்டியல்தான் பல காலம் எல்லோருக்கும் அடிப்படை. 2003இல் அதன் இடத்துக்குப் புதிய உலகப் பட்டியல் வந்தது, அதில் நாலாயிரத்துக்கும் மேற்பட்ட மெல்லும் பேன் இனங்கள் இருக்கின்றன. ஒரு கசப்பான ஓரச்செய்தி: கிளேயோடு சேர்ந்து பேன் சேகரித்த ரிச்சர்ட் மைனர்ட்ஸ்ஹாகன், அருங்காட்சியகப் பறவைகளைத் திருடிப் பொய்ச் சீட்டு ஒட்டியவர் என்பது அவர் இறந்த பிறகு அம்பலமானது. பறவையின் சீட்டு பொய்யென்றால் பேனின் சீட்டையும் சந்தேகத்தோடு பார்ப்பதுதான் நல்லது.

பறவை முங்கி மீன் பிடிக்கும்போது பேன் மூழ்காதா?

இறகுக் கூட்டத்துக்குள் காற்று சிக்கி நிற்கும், தோல் பக்கம் நனையாது. பேன் இருப்பது அந்தக் காற்றறைக்குள். தண்ணீரை நேரடியாகச் சமாளிக்கிற பேன் வேண்டுமென்றால் சீல்களின் பேன்களைத்தான் பார்க்க வேண்டும். அவை உறிஞ்சும் கூட்டம், இந்தக் கதையில் இல்லை.

பறவைக்குக் கெடுதலா?

ஆரோக்கியமான பறவைக்குப் பெரிதாக ஒன்றும் ஆகாது, தினமும் கோதிக்கோதி எண்ணிக்கையைக் கட்டுக்குள் வைத்திருக்கும். அலகு உடைந்தோ, எண்ணெய் ஒட்டியோ, பட்டினியிலோ கிடந்தால் கோத முடியாது, பேன் மளமளவென்று பெருகும். கரையொதுங்கிய பறவையில் பேன் மொய்ப்பதைப் பார்த்துவிட்டு "பேன்தான் கொன்றது" என்று சொல்வது ஈரைப் பேனாக்கிப் பேனைப் பெருமாளாக்குகிற வேலை. பெரும்பாலும் நோயோ பசியோ முதலில், பேன் பிறகு.

மனிதருக்கு ஒட்டுமா?

கையில் ஏறி ஊரும், கொஞ்சம் கூசும், அவ்வளவுதான். நம் உடம்பில் அதற்கு இறகும் இல்லை பிழைப்பும் இல்லை. கவலைப்பட வேண்டியது வேறு: உண்ணி கடிக்கும், பறவைக் காய்ச்சல் இப்போது கடற்பறவைகளிலும் பரவியிருக்கிறது. புயல் சமயத்தில் கரையொதுங்கிய ஷியர்வாட்டரையோ ஆலாவையோ வெறுங்கையால் தொடாதீர்கள், வனத்துறைக்குச் சொல்லுங்கள்.

படிப்பதற்காகப் பேன் சேகரிக்கலாமா?

இந்தியாவில் 1972ஆம் வருட வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது, அனுமதி வாங்காமல் பறவையைப் பிடிக்கக் கூடாது. ஆய்வுக்காகப் பறவையின் காலில் வளையமிடும் குழுவோடு அனுமதியின் பேரில் போனால், பறவையைக் கொல்லாமலே எடுக்கலாம். பைரெத்ரின் என்ற பூச்சிக்கொல்லித் தூளை இறகில் தூவி, சில நிமிடம் பொறுத்து, வெள்ளைத் தாளின் மேல் இறகை அளைந்துவிட்டால் பேன்கள் கொட்டும். ஒரு பறவைக்கு ஒரு தாள், ஒரு குப்பி, ஒரு சீட்டு, கையையும் துடைத்துக்கொண்டு அடுத்த பறவை. மரபணுவுக்கு 95 சதவீத எத்தனால். உருவம் பார்க்க, காரக் கரைசலில் உள்சதையைக் கரைத்துவிட்டு, கனடா பால்சம் என்ற பிசினில் கண்ணாடித் தகட்டில் பதிக்க வேண்டும். இனத்தைப் பிரிக்க முடிகளின் எண்ணிக்கையும் ஆண் பேனின் இனப்பெருக்க உறுப்பும்தான் கைகொடுக்கும், அதனால் ஆண் ஒன்றாவது கிடைக்கும்வரை பெயர் சொல்ல அவசரப்படாதீர்கள். பறவையின் பெயரைப் பார்த்துவிட்டு பட்டியலில் தேடிப் பேனுக்குப் பெயர் எழுதுவது அடையாளம் காண்பதே இல்லை, ஆனால் நிறையப் பேர் அதைத்தான் செய்கிறார்கள்.

மீட்பு மையத்துக்கு வந்த கடற்பறவைக்குப் பேன் மருந்து அடிக்கலாமா?

நோஞ்சானாகக் கிடக்கும் பறவைக்கு, கால்நடை மருத்துவர் சொன்னால் அடிக்கலாம், பேன் மொய்த்தால் அதற்கும் கஷ்டம்தான். அழிவின் விளிம்பிலுள்ள இனமென்றால் கொஞ்சம் நில்லுங்கள். 1980களில் கலிஃபோர்னியா காண்டோர் கழுகுகளில் மிஞ்சியவற்றையெல்லாம் பிடித்து வளர்த்துக் காப்பாற்றினார்கள், பிடித்ததும் பேன் மருந்தும் போட்டார்கள். காண்டோர் பிழைத்தது. அதன் மேல் மட்டும் வாழ்ந்த கோல்போசெஃபாலம் கலிஃபோர்னிசி போய்விட்டது. ஒரே தீவில் கூடு கட்டும் பெட்ரல்கள் சிலவற்றுக்கும் சொந்தப் பேன்கள் உண்டு. அப்படிப்பட்ட பறவை கைக்கு வந்தால் மருந்துக்கு முன்னால் நாலைந்து பேனையாவது எத்தனாலில் போட்டு, சீட்டு எழுதி, அருங்காட்சியகம் ஒன்றுக்கு அனுப்பி வையுங்கள்.